மஞ்சள்: கட்டுவது முதல் கரைப்பது வரை, கடலூர் புதுவை வீட்டு வழக்கப்படி ஒரு முழுமையான வழிகாட்டி

அஞ்சறைப் பெட்டியில் கடுகுக்கும் சீரகத்துக்கும் பக்கத்தில் இருக்கும் மஞ்சள், அங்கிருந்து பூசையறைக்கும், வாசற்படிக்கும், தெருமுனைக்கும், ஆற்றங்கரைக்கும் போய்வருகிறது. கண்ணேறு கழிப்பதற்கும், நேர்த்திக்கடனுக்குக் காசு முடிந்து வைப்பதற்கும், அம்மை கண்ட உடம்பைக் குளிர்விப்பதற்கும், புதுத்துணியின் முனையில் தொட்டு வைப்பதற்கும் கடலூரிலும் புதுச்சேரியிலும் முதலில் கை நீள்வது மஞ்சளை நோக்கித்தான். இவற்றைச் செய்யும் முறையைச் சொல்லித்தரும் பெரியவர்கள் பலரும் தொடக்கத்தை நன்றாகச் சொல்கிறார்கள், முடிவைச் சொல்வதில்லை. பிடித்த பிள்ளையாரை மறுநாள் என்ன செய்வது, சுற்றிய ஆரத்தியை எங்கே ஊற்றுவது, கட்டிய காப்பை எப்போது அவிழ்ப்பது என்ற கேள்விகளுக்கு விடை தெரியாமல்தான் பல வீடுகளின் பூசையறை மூலைகளில் காய்ந்த மஞ்சள் உருண்டைகளும் சாயம் போன கயிறுகளும் சேர்ந்து கிடக்கின்றன. மஞ்சளைக் கொண்டு செய்யும் எதுவும் நிலையாக வைத்துக்கொள்வதற்காகச் செய்யப்படுவதன்று என்பதே இந்த வழக்கங்களின் அடிப்படை என்று நான் கருதுகிறேன். ஆகவே கீழே ஒவ்வொரு முறையையும் அதை முடிக்கும் விதத்தோடு சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

எந்த மஞ்சளை வாங்குவது

கடைக்குப் போய் மஞ்சள் என்று மட்டும் கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் பொட்டலத்தில் அடைத்த சமையல் தூளாகத்தான் இருக்கும். சடங்குக்கு அது போதும் என்றாலும், சிலவற்றுக்குக் கிழங்காகவே வேண்டும். நீண்டு மெலிந்த கிளைக்கிழங்கு விரலி மஞ்சள். அரைப்பதற்கும், கயிற்றில் கோத்துக் கட்டுவதற்கும் அதுவே பொருந்தும். தாய்க்கிழங்கான குண்டு மஞ்சள் உரைத்துப் பூசுவதற்கும் குங்குமம் செய்வதற்கும் ஆகும். கஸ்தூரி மஞ்சள் என்பது வேறு ஓர் இனம். மணத்துக்காகப் பூச்சில் சேர்ப்பார்களே தவிர, சமையலில் சேர்ப்பதில்லை. மர மஞ்சள் மஞ்சள் குடும்பத்தையே சேர்ந்ததன்று. கொடியிலிருந்து எடுக்கும் கட்டை அது. பெயரில் மஞ்சள் இருப்பதால் அதைச் சடங்குக்கு வாங்கிவிடக் கூடாது.

புதுச்சேரியில் நேரு வீதிப் பெரிய மார்க்கெட்டிலும், கடலூரில் திருப்பாதிரிப்புலியூர்ப் பகுதியிலும் உள்ள நாட்டு மருந்துக் கடைகளில் இவை எல்லாம் தனித்தனியே கிடைக்கும். விரலியை வாங்கும்போது ஒன்றை ஒடித்துப் பார்க்க வேண்டும். நன்கு வேகவைத்துக் காயவைத்த கிழங்கு சட்டென்ற ஓசையோடு முறிந்து, உள்ளே ஆழ்ந்த ஆரஞ்சு நிறம் காட்டும். வெளிப்புறம் பளபளவென்று கண்ணைப் பறிக்கும் மஞ்சளாகவும், தொட்டால் கையில் தூளாக ஒட்டுவதாகவும் இருந்தால் மேலே சாயம் ஏற்றியிருக்கிறார்கள் என்று ஐயப்பட இடமுண்டு. காரீயக் குரோமேட் என்னும் நச்சு நிறமியை மஞ்சளுக்கு மெருகாகப் பூசும் கெட்ட பழக்கம் தெற்காசியாவில் பல இடங்களில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. நெற்றியிலும் குழந்தையின் உடம்பிலும் படப்போகும் பொருள் என்பதால் இதில் சிக்கனம் பார்க்க வேண்டியதில்லை.

நம் கடற்கரையில் இன்னொரு தொல்லை உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றே ஈரமாக இருக்கும். துணிப்பையில் வைத்த மஞ்சள் பூசணம் பிடிக்கும், வண்டும் வரும். புரட்டாசி வெயிலில் ஒருமுறை நன்றாகக் காயவைத்து, ஈரமில்லாத கண்ணாடிப் புட்டியில் இறுக மூடி, வெளிச்சம் படாத இடத்தில் வைக்க வேண்டும். வெயிலில் காயவைப்பது கிழங்காக இருந்தால் மட்டுமே. தூளை வெயிலில் வைத்தால் நிறம் வெளுத்துப்போகும். மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் என்னும் வேதிப்பொருள் வெளிச்சத்தில் சிதைவதே அதற்குக் காரணம். துணியில் பட்ட மஞ்சள் கறையை நீக்க வேண்டியிருக்கும்போது இந்தக் குறையே உதவியாகவும் அமையும்.

பிடித்து வைத்தால் பிள்ளையார்

மணக்குள விநாயகர் கோயில் கொண்டிருக்கும் ஊரிலும், ஒரு வீட்டின் காரியம் தொடங்குவது கைப்பிடி மஞ்சளால்தான். செய்யும் விதம் எளிது, கெடுவது தண்ணீரால். இரண்டு மேசைக்கரண்டி மஞ்சள் தூளை ஒரு தட்டில் குவித்து, நடுவில் குழி செய்து, விரல் நுனியால் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பிசைய வேண்டும். ஒரேயடியாக ஊற்றினால் குழம்பாகிவிடும்; பிறகு மேலும் மேலும் தூள் சேர்த்துக்கொண்டே போக வேண்டியிருக்கும். கொழுக்கட்டை மாவைவிடச் சற்றுக் கெட்டியான பதம் வந்ததும், அடி அகன்றும் நுனி குவிந்தும் இருக்கும்படி மூன்று விரல்களால் பிடித்து, கழுவித் துடைத்த வெற்றிலையின் மேல் வைக்க வேண்டும். முகம், துதிக்கை என்று செதுக்க வேண்டிய தேவையே இல்லை. உருவம் கோருவது மண் பிள்ளையார், பிடித்தாலே போதும் என்பது மஞ்சள் பிள்ளையார். உச்சியில் இரண்டு அறுகம்புல்லும், நெற்றி என்று எண்ணும் இடத்தில் ஒரு குங்குமப் பொட்டும் வைத்த பிறகு, எந்தக் காரியத்துக்காக வைக்கிறோமோ அதை வாய்விட்டுச் சொல்லி விளக்கேற்ற வேண்டும்.

மறுநாளோ, காரியம் முடிந்த அன்று மாலையோ வெற்றிலையோடு சற்று வடக்குப் பக்கமாக நகர்த்துவது விடைகொடுக்கும் அடையாளம். அப்படி நகர்த்திய பின் அதை அங்கேயே விட்டுவிடக் கூடாது. ஒரு கிண்ணம் தண்ணீரில் கரைத்து, அந்த நீரில் சிறிதளவை வீட்டில் எல்லார் தலையிலும் தெளித்து, மீதியைச் செடிக்கோ, கால் படாத மண்ணுக்கோ ஊற்ற வேண்டும். திருமணமான பெண்கள் கரைப்பதற்கு முன் சிறிது எடுத்துத் தாலியில் பூசிக்கொள்வதும் உண்டு. மூன்று நான்கு நாள் வைத்திருந்தால் பிள்ளையார் வெடித்து உதிர்வார். வெடித்தது அபசகுனம் என்று அஞ்சுபவர்களுக்கு நான் சொல்வது, ஈரம் வற்றினால் எந்த உருண்டையும் வெடிக்கும், குறித்த நேரத்தில் கரைத்திருந்தால் அந்த அச்சத்துக்கே இடமிருந்திராது என்பதே.

ஆரத்தி: நிறம் மாறும் நீர்

மஞ்சளைப் பற்றிய நம்பிக்கைகளில் மிகவும் வியப்பூட்டுவது ஆரத்தியே, ஏனெனில் அது கண்முன்னால் மாறுகிறது. மஞ்சள் நிற நீரில் வெள்ளைச் சுண்ணாம்பைச் சேர்த்தால் இரத்தச் சிவப்பு வருகிறது. மஞ்சளும் அன்று, வெள்ளையும் அன்று, மூன்றாவது ஒரு நிறம். பார்த்த கண்ணின் சூட்டை இந்தச் சிவப்பு உள்வாங்கிக்கொள்ளும் என்று பழைய தலைமுறை நம்பியதற்கு இந்த மாற்றமே வேராக இருந்திருக்க வேண்டும். வேதியியல் கூறுவது இதுதான்: குர்குமின் புளிப்பிலும் நடுநிலையிலும் மஞ்சளாக இருக்கும், சுண்ணாம்பு போன்ற காரப் பொருள் சேர்ந்தால் அதன் மூலக்கூறு அமைப்பு மாறிச் சிவக்கும். நம்பிக்கையும் காரணமும் ஒரே தட்டில் இருப்பதில் எனக்கு முரண் எதுவும் தெரியவில்லை.

அகலமான பித்தளைத் தாம்பாளம் ஒன்றை எடுத்து, அதில் இரண்டு டம்ளர் தண்ணீர் ஊற்ற வேண்டும். அரைத் தேக்கரண்டி மஞ்சள் தூளைத் தனியே சிறிது நீரில் குழைத்து, கட்டியில்லாமல் தாம்பாளத்தில் கலக்க வேண்டும். மஞ்சள் தண்ணீரில் எளிதில் கரைவதில்லை, நேரே தூவினால் மேலே மிதக்கும், அல்லது அடியில் படியும். அதன் பிறகுதான் சுண்ணாம்பு. வெற்றிலைக்குப் போடும் வெள்ளைச் சுண்ணாம்பில் பட்டாணி அளவு எடுத்து விரலால் கரைத்துவிட்டு, ஒரு நொடி பொறுத்து நிறத்தைப் பார்க்க வேண்டும். போதாவிட்டால் இன்னும் சிறிது சேர்க்கலாம். ஆனால் தொடக்கத்திலேயே கோலிக்குண்டு அளவு போடுவதால் சிவப்பு கூடுவதில்லை, நீர் கலங்கி வெளிறுவதோடு, நெற்றியில் இடும்போது தோலும் எரியும். ரோஜா நிறம் சேர்த்து விற்கும் சுண்ணாம்பைத் தவிர்ப்பது நல்லது.

எவ்வளவு சுண்ணாம்பு கலந்தும் நீர் சிவக்கவே இல்லை என்றால், அந்தத் தூளில் மஞ்சள் பெயருக்குக்கூட இல்லை என்று முடிவு செய்யலாம். ஆனால் சிவந்துவிட்டது என்பதற்காகக் கலப்படமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. கொஞ்சம் மஞ்சள் இருந்தாலும் நீர் சிவக்கத்தான் செய்யும்.

தாம்பாளத்தின் நடுவில் ஒரு வெற்றிலையை மிதக்கவிட்டு, அதன் மேல் சிறு கட்டிக் கற்பூரத்தை ஏற்றி, மணமக்களையோ, பிரசவம் முடிந்து வீடு திரும்பிய தாயையும் பிள்ளையையுமோ கிழக்கு நோக்கி வாசலில் நிற்கவைக்க வேண்டும். இரண்டு பெண்கள் எதிரும் புதிருமாகத் தட்டைப் பிடித்து, வலப்புறமாக மூன்று முறை சுற்றுவது வழக்கம். "ஊர்க்கண்ணு, உறவுக்கண்ணு, நாய்க்கண்ணு, நரிக்கண்ணு, கொள்ளிக்கண்ணு எல்லாம் போகட்டும்" என்று சொல்லிக்கொண்டே சுற்றுவார்கள். சொற்கள் வீட்டுக்கு வீடு மாறும். பிறகு அந்த நீரைத் தொட்டு நெற்றியில் இட வேண்டும். கைக்குழந்தைக்கு இடும்போது கண்ணுக்கு அருகே கொண்டுபோகாமல், உள்ளங்காலில் ஒரு பொட்டு வைத்தாலே போதும். அதில் இருப்பது சுண்ணாம்பு என்பதை மறந்துவிடக் கூடாது. கற்பூரம் எரியும்போது பட்டுச் சேலையின் முந்தானையைச் செருகிக்கொள்ள வேண்டும் என்பதைச் சுற்றுபவர்களுக்கு யாராவது ஒருவர் நினைவூட்ட வேண்டும். தட்டில் காசு போடாத மாமனைக் கேலி செய்யாமல் விடும் வழக்கம் எந்த வீட்டிலும் இல்லை. அதுவும் சடங்கின் ஒரு பகுதிதான்.

முடிப்பது எப்படி என்றால், கற்பூரம் அணைந்த பின் நீரை வாசலுக்கு வெளியே, கோலத்தின் ஓரத்தில் ஊற்ற வேண்டும். யாரும் மிதிக்காத இடம் என்பது பழைய விதி. இப்போது சிமெண்டுத் தெருவிலும் அடுக்குமாடிக் கட்டடத்திலும் அப்படி ஓர் இடம் இல்லை. படிக்கட்டில் ஊற்றிவிட்டுப் போனால் கீழ்வீட்டுக்காரருக்கும் உங்களுக்கும் புதிய கண்ணேறு உண்டாகும். ஒரு வாளி மண்ணிலோ, மரத்தின் அடியிலோ ஊற்றுவது போதுமானது. சிறிதளவு சுண்ணாம்பு நீர் மரத்தைக் கெடுக்காது.

உடுப்பில் தெறித்த ஆரத்தி நீரைச் சோப்பால் தேய்ப்பதே பலரும் செய்வது. சோப்பும் காரப்பொருள்தான் என்பதால் கறை மேலும் சிவக்கும். முதலில் எலுமிச்சைச் சாறு தடவினால் சிவப்பு மீண்டும் மஞ்சளாகிவிடும். அதன் பிறகு சோப்புப் போட்டு அலசி, ஈரத்தோடு வெயிலில் விரித்தால், ஓரிரு நாள் வெயிலில் மஞ்சளும் வெளுத்துவிடும். சாயத் துணியாக இருந்தால் எலுமிச்சையை ஓரத்தில் சோதித்துப் பார்த்துவிட்டுச் செய்ய வேண்டும்.

குங்குமம்: திரும்பி வராத சிவப்பு

ஆரத்தியின் சிவப்பில் எலுமிச்சை பிழிந்தால் மஞ்சள் திரும்பி வந்துவிடுகிறது. ஆனால் குங்குமத்தின் சிவப்போ எலுமிச்சைச் சாற்றிலேயே பிறக்கிறது. இரண்டும் ஒரே மஞ்சளிலிருந்து வரும் வெவ்வேறு சிவப்புகள். குங்குமம் செய்யும்போது சேர்க்கும் வெண்காரத்தில் (போராக்ஸ்) போரான் என்னும் தனிமம் இருக்கிறது. புளிப்புள்ள சாற்றில் அது குர்குமினோடு பிணைந்து, உலர உலர ஆழ்ந்த சிவப்பைத் தருகிறது. எளிதில் பிரியாத சேர்க்கை இது. மணமான பெண்ணின் வகிட்டுக்கு ஆரத்திச் சிவப்பை வைக்காமல் குங்குமச் சிவப்பை வைத்த முன்னோர், போரான் என்ற பெயரை அறியாமலேயே நிலைக்கும் நிறத்தையும் நிலைக்காத நிறத்தையும் பிரித்து வைத்திருந்தார்கள்.

அளவு வீட்டுக்கு வீடு மாறும் என்றாலும், கால் கிலோ குண்டு மஞ்சளுக்கு இருபத்தைந்து கிராம் வெண்காரம், பத்து கிராம் படிகாரம், நல்ல சாறுள்ள பத்து எலுமிச்சை என்ற கணக்கில் தொடங்கலாம். மஞ்சளைக் கழுவி உலர்த்தி, பாக்கு அளவுத் துண்டுகளாக உடைத்துக்கொள்ள வேண்டும். வெண்காரத்தையும் படிகாரத்தையும் பொடித்து, வடிகட்டிய சாற்றில் கரைத்து, பீங்கான் அல்லது கண்ணாடிப் பாத்திரத்தில் மஞ்சள் துண்டுகளின் மேல் ஊற்ற வேண்டும்; இரும்புப் பாத்திரம் நிறத்தைக் கறுக்கச் செய்யும். மரக்கரண்டியால் தினமும் இருமுறை புரட்டிவிட்டால், துண்டுகள் சாற்றை உறிஞ்சி உள்வரை சிவக்கும். சாறு முழுவதும் வற்றிய பிறகு நிழலிலேயே உலர்த்த வேண்டும். கல் உரலில் இடித்து, மெல்லிய துணியில் சலித்து, கடைசியாக ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயோ நெய்யோ விட்டுக் கையால் பிசிறினால், நெற்றியில் ஒட்டும் பதம் வரும்.

கடைக் குங்குமத்தைப் போலக் கண்ணைப் பறிக்கும் நிறம் இதில் வராது. செங்கல்லுக்கும் மாதுளைக்கும் இடைப்பட்ட நிறமாக இருக்கும். அந்தப் பளிச்சிடும் நிறத்தைத் தருவது பெரும்பாலும் செயற்கைச் சாயம். நெற்றியில் அரிப்பும் கரும்படலமும் வருபவர்கள் முதலில் ஐயப்பட வேண்டியது அதைத்தான். வெண்காரம் உள்ளே போகக்கூடிய பொருள் அன்று என்பதால், செய்யும் இடத்திலும் செய்து வைத்த சிமிழிலும் குழந்தைகளின் கை எட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முடிச்சு, காப்பு, கயிறு

கட்டுவது மூன்று வகை. அவற்றில் மறக்கப்படுவது காணிக்கை முடிச்சே. உடல் நலம், மகப்பேறு, வழக்கு, கடலுக்குப் போனவர் திரும்பாத இரவு என்று ஏதோ ஒரு நெருக்கடியில் குலதெய்வத்தை நினைத்து முடிவது அது. கைக்குட்டையளவு வெள்ளைத் துணியை மஞ்சள் நீரில் நனைத்து நிழலில் உலர்த்தி, அதில் ஒரு ரூபாய் நாணயம் ஒன்றை வைத்து, வேண்டுதலை முழுவதுமாகச் சொல்லி முடிய வேண்டும். எந்தத் தெய்வத்துக்கு, யாருக்காக, எது நிறைவேறினால், என்ன செய்வது என்ற நான்கும் அந்தச் சொல்லில் இருக்க வேண்டும். முடிந்தவர் மறந்தாலும் இன்னொருவர் நிறைவேற்ற முடியும் என்பதற்காக, வீட்டில் மற்றொருவர் காதில் விழும்படி சொல்வது வழக்கம். அந்தச் சொல் காணாமல்போன வீடுகளில்தான், பாட்டியின் பெட்டியைத் திறந்தால் யாருக்கு வேண்டியது என்று தெரியாத முடிச்சுகள் கிடைக்கின்றன. அவற்றைப் பிரித்துக் காசை எடுத்துச் செலவு செய்ய யாருக்கும் மனம் வராது, எறியவும் முடியாது. அப்படியே குலதெய்வக் கோயில் உண்டியலில் சேர்த்துவிடுவதே வழி.

காப்பு என்பது ஊருக்குக் கட்டுவது. ஆடியில் அம்மன் திருவிழா தொடங்கும்போது, மஞ்சள் துண்டைக் கோத்த கயிற்றைச் சாமிக்கும், விரதம் இருப்பவர்களின் மணிக்கட்டிலும் கட்டுவார்கள். புதுச்சேரியை அடுத்த வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் கோயிலில் ஆடியின் ஐந்தாம் வெள்ளியன்று தேரோட்டம். பிரெஞ்சு ஆட்சிக்காலத்து வழக்கம் தொடர்ந்து, இன்றும் துணைநிலை ஆளுநர் வந்து வடம் பிடிக்கும் தேர் அது. கட்டிக்கொண்டவர் காப்பு அவிழும்வரை ஊர் எல்லை தாண்டி இரவு தங்குவதில்லை, இறைச்சி உண்பதில்லை, இழவு வீட்டுக்குப் போவதில்லை. திருவிழா முடிந்ததும் கோயிலிலேயே அவிழ்க்க வேண்டும். அழகுக்காக மாதக்கணக்கில் கையில் வைத்திருப்பவர்கள், தங்களை அறியாமலேயே விரதத்தை நீட்டித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒரு பூசாரி கேலியாகச் சொல்லக்கூடும்.

தாலிக்கயிறு மாற்றுவதற்கு ஆடிப்பெருக்கு நாளே இங்கும் உகந்தது. கொள்ளிடக் கரையில் நீர் ஓடலாம். கெடிலம், தென்பெண்ணை ஆறுகளில் வடகிழக்குப் பருவமழைக்கு முன் பல ஆண்டுகளில் மணல்தான் இருக்கும், ஆகவே கிணற்றடியிலோ, குழாயடியிலோ செய்து முடிப்பவர்களே அதிகம். கடையில் விற்கும் மஞ்சள் கயிறு சாயமேற்றியது. கழுத்தில் அரிப்பு வருபவர்கள் வெள்ளைப் பருத்தி நூலை வாங்கி, ஒரு சிட்டிகை படிகாரம் சேர்த்த வெந்நீரில் மஞ்சளைக் கரைத்து, நூலை அரைமணி ஊறவைத்து நிழலில் உலர்த்திக்கொள்ளலாம். கிழக்கு நோக்கி அமர்ந்து, புதுக்கயிற்றைக் கழுத்தில் அணிந்த பிறகே பழையதிலிருந்து தாலியையும் குண்டுகளையும் மாற்ற வேண்டும். ஒரு நொடியும் கழுத்து வெறுமையாக இருக்கக் கூடாது என்பது அதன் காரணம். பொன் தாலி வாங்க இயலாதவர்கள் ஒரு விரலி மஞ்சளைக் கயிற்றில் கட்டிக்கொள்வார்கள். அதற்கும் பொன்னுக்கும் மதிப்பில் வேறுபாடு இல்லை என்று மூத்த பெண்கள் உறுதியாகச் சொல்வார்கள். கழற்றிய கயிறு பருத்தியாக இருந்தால் மண்ணில் புதைக்கலாம். நைலான் கலந்த கயிற்றை ஆற்றில் விட்டால் அது எங்கும் கரையாது.

வாசற்படி

இதில் சொல்ல அதிகம் இல்லை. வெள்ளிக்கிழமை காலையில் நிலைப்படியைக் கழுவித் துடைத்து, நீர்ப்பதமாகக் குழைத்த மஞ்சளை ஒரே சீராகப் பூசி, உலர்ந்த பின் குங்குமப் பொட்டுகளை இட வேண்டும். போன வாரத்துப் பூச்சின் மேலேயே பூசினால் சில வாரங்களில் பொருக்குத் தட்டும். பழையதை முழுவதும் கழுவிய பிறகு பூசுவதே முறை. மஞ்சளை எறும்பு விரும்பாது என்பதும், தீயவை படி தாண்டாது என்பதும் ஒரே மூச்சில் சொல்லப்படுபவை. வார்னிஷ் பூசிய கதவு நிலையில் தடவினால் அந்தக் கறை போகாது என்பதால், புதுவீட்டுக்காரர்கள் படியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அம்மை, காயம், புகை

இந்தப் பகுதியில் மட்டும் நம்பிக்கைக்கு ஓர் எல்லை போட வேண்டியிருக்கிறது. வீட்டில் அம்மை கண்டால் வாசலில் வேப்பிலை செருகி, தாளிப்பதை நிறுத்தி, வெளியாரை உள்ளே விடாமல், கொப்புளம் உலர்ந்த பின் மஞ்சளும் வேப்பிலையும் சேர்த்து அரைத்துப் பூசித் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது வழக்கம். இந்த ஒழுங்கு பெரியம்மைக் காலத்தில் உருவானது. இந்தியாவில் 1975-க்குப் பிறகு பெரியம்மை இல்லை. உலகமே அதிலிருந்து விடுபட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 1980-இல் அறிவித்தது. இன்று வருவது சின்னம்மை. நோயாளியைத் தனிமைப்படுத்தியதும், தொட்டதைக் கொதிநீரில் இட்டதும் அந்த வழக்கத்தின் மெய்யான வலிமை. அவற்றை அப்படியே கடைப்பிடிக்கலாம். ஆனால் கர்ப்பிணிக்கோ, பச்சிளங்குழந்தைக்கோ, வயது முதிர்ந்தவருக்கோ வந்தால் முதல் நாளே மருத்துவரிடம் காட்ட வேண்டும். அம்மன் கோபிப்பாள் என்று அஞ்சித் தள்ளிப்போடக் கூடாது.

வெட்டுக்காயத்தில் மஞ்சள் வைப்பது எவ்வளவு பழைய வழக்கம் என்பதற்கு ஒரு வழக்கே சான்றாக நிற்கிறது. மஞ்சளால் காயம் ஆற்றும் முறைக்கு 1995-இல் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு அமெரிக்கா காப்புரிமை வழங்கியது; இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகம் பழைய ஏடுகளைக் காட்டி எதிர்த்ததால், 1997-இல் அது நீக்கப்பட்டது. பாட்டி வைத்தியம் அமெரிக்காவில் வென்றுவிட்டது என்று மகிழலாம். ஆனால் அந்த வழக்கு தீர்த்தது அது புதிய கண்டுபிடிப்பு அன்று என்பதை மட்டுமே. சிறிய சிராய்ப்புக்குச் சுத்தமான மஞ்சள் போதும். ஆழமான வெட்டு, துருப்பிடித்த ஆணி, தீக்காயம் ஆகியவற்றில் அடுக்களைத் தூளைக் கொட்டினால், மருத்துவர் அதைக் கழுவி எடுப்பதே நோயாளிக்கு இன்னொரு வேதனையாகும்.

விரலி மஞ்சளின் நுனியை விளக்கில் காட்டிக் கருக்கி, அந்தப் புகையை முகர்வது நீர்க்கோவைக்குச் செய்வது. அதே புகை துர்க்கனவையும், காத்து கருப்பு என்னும் தீய ஆவிகளையும் ஓட்டும் என்று தூங்கும் அறையில் காட்டுவதும் உண்டு. நல்லெண்ணெயில் நுனியைத் தோய்த்து, பற்றியதும் ஊதி அணைத்து, கை நீளத்தில் பிடித்துக்கொண்டு ஓரிரு மூச்சு இழுப்பதே முறை. ஆஸ்துமா என்னும் இழுப்பு நோய் உள்ளவர்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் இதைச் செய்யவே கூடாது. எரிந்த துண்டை நீரில் நனைத்து அணைத்த பின்னரே எறிய வேண்டும். உள்ளே கனல் நெடுநேரம் இருக்கும்.

பொங்கல் கொத்து

கடலூரிலும் புதுவையிலும் தை முதல் நாளுக்கு முந்திய இரண்டு மூன்று நாட்களில் கரும்புக்கட்டுகளின் பக்கத்தில் பச்சை மஞ்சள் கொத்துகள் குவிந்திருக்கும். இலை, தண்டு, கிழங்கு, வேரில் ஒட்டிய மண் என்று முழுச்செடியாக வாங்க வேண்டும். இலை கிழியாமலும், கிழங்கில் குறைந்தது நான்கைந்து விரல்கள் தெரியும்படியும் இருப்பது நல்ல கொத்து. மண்ணைக் கழுவிவிட்டு, இஞ்சிக் கொத்தோடு சேர்த்துப் பானையின் கழுத்தில் கட்ட வேண்டும். கட்டும்போது இலைகள் அடுப்பின் பக்கம் தொங்காமல், இரு தோளிலும் விரியுமாறு மடித்துக் கட்டினால் கருகாது. பால் பொங்கி வழிவது மஞ்சளின் மேல் பட்டுவிட்டால் அந்த ஆண்டு நிறைவாக இருக்கும் என்பார்கள். எந்தப் பக்கம் பொங்கி வழிகிறது என்று பார்த்துப் பலன் சொல்பவர்களும் உண்டு.

மறுநாள் கணுப் பண்டிகைக்கு, மஞ்சள் இலையை விரித்து, அதன் மேல் பொங்கலையும் நிறம் சேர்த்த சோற்றையும் சிறு உருண்டைகளாக வைத்து, "காக்காப்பிடி வைத்தேன், கணுப்பிடி வைத்தேன்" என்று உடன்பிறந்தவர்களுக்காக வேண்டும் வழக்கம் சில சமூகத்தாரிடம் மட்டும் இருக்கிறது. பானையிலிருந்து எடுத்த கிழங்கை மூத்த பெண்கள் இளையவர்களின் நெற்றியில் கீற்றி வாழ்த்துவதும் அன்றுதான். மாட்டுப் பொங்கலில் மஞ்சள் நீர் தெளிப்பது பிள்ளைகளின் வேலை. மாட்டின் கண்ணில் அடிக்காமல் முதுகில் தெளிக்கும்படி சொல்ல வேண்டும். மனிதர்கள் மேல் ஊற்றி விளையாடும் மஞ்சள் நீராட்டுக்கும் அதே விதிதான்; முறை உள்ளவர்களிடம் அது உரிமை, அறியாதவர்களிடம் தொல்லை. தை ஐந்தாம் நாள் பெண்ணையாற்றங்கரை ஆற்றுத் திருவிழாவுக்குப் போகிறவர்கள், வாடிய இலைகளையும் கயிற்றையும் கையோடு கொண்டுபோய் நீரில் விடுவார்கள். இலையை விடலாம், நெகிழிப் பையோடு விடாமல் இருந்தால் சரி.

கிழங்கை மட்டும் நீரில் விட வேண்டாம். அதை முடிக்கும் முறை வேறு. கொத்திலிருந்து பிரித்த கிழங்குகளில் பருத்தவற்றைத் தேர்ந்து, கழுவாமல், நிழலில் மணலுக்குள் பரப்பி வைத்தால், சித்திரை வெயில் முடிவதற்குள் முளைப்புள்ளிகள் தெரியத் தொடங்கும். வைகாசியில் தோட்டத்திலோ, வாய் அகன்ற தொட்டியிலோ, மணல் கலந்த செம்மண்ணில் தொழு உரம் சேர்த்து, முளைப்புள்ளி மேல்நோக்கி இருக்கும்படி மூன்று விரல் ஆழத்தில் ஊன்ற வேண்டும். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் ஒரு சாண் இடைவெளி தேவை. நீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். நம் ஊர் ஐப்பசி மழைக்கு முன் மண்ணை அணைத்து மேடாக்கி, தொட்டியாக இருந்தால் அடித்துளை அடைபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எட்டு ஒன்பது மாதப் பயிர் என்பதால் தைக்குள் கொத்தாகப் பறிக்கலாம். கிழங்காக முற்ற வேண்டுமானால் இலைகள் பழுத்துச் சாயும்வரை விட்டுவைக்க வேண்டும்.